மேற்கோள் நூற்குறிப்பில் பதிப்பின் இடம்

பழைய சென்னை மாகாணத்தில் வளரும் புல்லினம் ஒன்றைப் பற்றி அறிக்கை எழுதும் களப்பணியாளர் ஒருவர், தாம் கண்ட ஆதாரத்தைக் 'காம்பிள், 1915' என்று குறித்து, ஒரு பக்க எண்ணையும் சேர்த்து அனுப்புகிறார் எனக் கொள்ளலாம். பார்வைக்கு இக்குறிப்பில் குறை ஒன்றும் தோன்றாது. ஆனால் அதை நம்பி நூலகத்திற்குச் செல்பவர் நூலைக் கையில் எடுத்த பின்னரும் அச்செய்தியைக் காணமாட்டார்.

ஜே. எஸ். காம்பிள் எழுதத் தொடங்கிய 'பிளோரா ஆஃப் தி பிரசிடென்சி ஆஃப் மெட்ராஸ்' என்னும் தாவர நூல் 1915 முதல் 1936 வரை 11 பகுதிகளாக வெளிவந்தது. காம்பிள் வனத்துறையில் பணியாற்றியவர். களத்தின் அருமையை அறிந்தவர். அவர் 1925இல் காலமானார். எஞ்சிய பகுதிகளை சி. இ. சி. பிஷர் எழுதி நிறைவு செய்தார். புற்குடும்பம் அடங்கிய பகுதி பிஷர் எழுதியது. அது வெளிவந்தது 1934இல். ஆகவே மேற்கண்ட குறிப்பில் ஆசிரியர் பெயரும் பொருந்தவில்லை, ஆண்டும் பொருந்தவில்லை. பக்க எண்ணின் நிலையோ இன்னும் சிக்கலானது. இந்தியத் தாவர ஆய்வுத் துறை 1957இல் இந்நூலை 3 தொகுதிகளாக மறுபதிப்புச் செய்தது. எழுத்தமைப்பு மாறியதால் பக்க எண்களும் மாறிவிட்டன. மறுபதிப்பைப் பார்த்துவிட்டு முதற்பதிப்பின் ஆண்டை எழுதினால், முதற்பதிப்பை வைத்திருப்பவர் அதே எண்ணுள்ள பக்கத்தில் வேறொரு தாவரக் குடும்பத்தையே காண்பார். இதனாலேயே தாவர வகைப்பாட்டு அறிஞர்கள் முதற்பதிப்பின் பக்கத்தையும் ஆண்டையும் எழுதி, அடைப்புக்குறிக்குள் மறுபதிப்பின் தொகுதியையும் பக்கத்தையும் தனியே தருகின்றனர். அவர்கள் வழக்கத்தை வீண் நுணுக்கம் என்று எள்ளுவோர் ஒரு முறை இவ்வாறு அலைந்து பார்த்தல் நலம்.

மேற்கோள் முறையைக் கற்பிக்கும் இடங்களில் காற்புள்ளி எங்கே வர வேண்டும், எப்பெயரைச் சாய்வெழுத்தில் அச்சிட வேண்டும் என்பவற்றுக்கே பெரும்பொழுது செலவாகிறது. இது முறையன்று. ஒரு பத்திரிகை ஆண்டை ஆசிரியர் பெயருக்கு அடுத்துக் கேட்கும். மற்றொன்று இறுதியில் கேட்கும். இத்தகைய வேற்றுமைகளை அலுவலக எழுத்தர் ஒருவர் அரைமணி நேரத்தில் திருத்திவிடலாம். கணினி நொடியில் திருத்திவிடும். விடுபட்ட பதிப்பு விவரத்தை மட்டும் பின்னர் எவராலும் ஊகித்து நிரப்ப இயலாது. நூற்குறிப்பு பற்றிய ஐ.எஸ்.ஓ. 690 என்னும் அனைத்துலகத் தரமும் குறிப்பிட்ட ஒரு நடையை வற்புறுத்துவதில்லை. விவரங்களை, பயன்படுத்திய படியிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதைத்தான் அது வற்புறுத்துகிறது.

அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் வேறு வகையான எச்சரிக்கையை வேண்டுவன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் போன்ற அகராதியில் தலைச்சொல்லைக் குறித்தாலே போதும், அகரவரிசை வழிகாட்டிவிடும். 'வெல்த் ஆஃப் இந்தியா, தொகுதி 1' என்று எழுதுவதோ போதாது. அந்நூலில் மூலப்பொருள்களுக்கு ஒரு வரிசையும் தொழிற்பொருள்களுக்கு ஒரு வரிசையும் தனித்தனி எண்களுடன் உள்ளன. மூலப்பொருள் வரிசையின் முதல் தொகுதி 1948இல் வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1985இல் வந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் வேளாண்மையும் வேதியியலும் எவ்வளவு மாறின என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இனி, 1910–11ஆம் ஆண்டுகளில் 29 தொகுதிகளாக வெளிவந்த பிரிட்டானிக்காவின் 11ஆம் பதிப்பில் பல கட்டுரைகளின் இறுதியில் எழுதியவரின் தலைப்பெழுத்துக்கள் காணப்படும். அவற்றைத் தேடி அறிந்து அவர் பெயரால் குறிப்பதே நேர்மை. 'கலைக்களஞ்சியம் கூறுகிறது' என்று எழுதினால் எழுதியவரின் உழைப்பும் பொறுப்பும் ஒருங்கே மறைந்துபோகின்றன.

இவற்றினும் கேடு விளைப்பது, காணாத நூலைக் கண்டதாகக் காட்டுவது. வாட் தொகுத்து 1889 முதல் 1893 வரை 6 தொகுதிகளாக வெளிவந்த பொருளாதாரப் பொருள்களின் அகராதி, ராக்ஸ்பரோ முதலிய முன்னோரின் கூற்றுக்களை நிரம்ப எடுத்தாள்கிறது. அதனைப் படித்தவர் ராக்ஸ்பரோவின் 'பிளோரா இண்டிகா'வையே படித்ததுபோல் எழுதிவிடுவதுண்டு. ஒரு காட்டு விதையை உண்ணலாம் என்ற செய்தியை முற்காலத்தில் ஒருவர் கேட்டு எழுதியிருக்கலாம். பின்வந்த நால்வர் அதை எடுத்தெழுதினால், மூலத்தை ஒப்புக்கொள்ளாத காரணத்தால், ஒரே செய்தி ஐந்து சாட்சியங்களாகத் தோற்றம் கொள்ளும். அதை நம்பி வகுப்பில் ஓர் ஆசிரியர் எடுத்துரைக்கிறார். மாணவர் காட்டிற்குச் செல்கின்றனர். 'வாட் நூலில் எடுத்தாளப்பட்டது' என்னும் ஒரு சிறு தொடர் இருந்திருந்தால், ஐயுறுவதற்கு இடம் கிடைத்திருக்கும்.

களப்பணியாளரிடம் நூலகம் இல்லை, ஒளிநகல் தாள்களும் திரையில் தோன்றும் மின்படியுமே உள்ளன என்பது நியாயமான மறுப்பு. அந்நிலையிலும் செய்யக்கூடியது உண்டு. மின்படியில் திரை காட்டும் எண் வேறு, தாளில் அச்சான பக்க எண் வேறு. அட்டையும் முகவுரையும் சேர்ந்து எண்ணப்படுவதால் இவ்வேறுபாடு நேர்கிறது. அச்சான எண்ணையே குறிக்க வேண்டும். ஒளிநகல் எடுக்கும்போது வேண்டிய பக்கங்களுடன் நூலின் முகப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் சேர்த்து எடுப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு இரண்டு தாள்கள் மட்டுமே. முகப்புப் பக்கம் கிழிந்துபோன படியைத் தவிர வேறு கிடைக்கவில்லையெனில், அதையே குறிப்பில் எழுதிவிடலாம்: 'முகப்புப் பக்கம் இல்லாத படி, பதிப்பு தெரியவில்லை'. இவ்வாறு எழுதப்பட்ட அறிக்கையைக் குறையுடையது என்று திருப்பி அனுப்பும் மேலதிகாரி, தம் நூலகத்திலுள்ள நல்ல படியைப் பார்த்து அவ்விடத்தை நிரப்பித் தருவாரானால் அது மிகவும் பயனுடைய திருத்தமாகும்.