சத்தியம் மட்டும் போதாது

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் ரயிலில் நம்மவர் சிலர் ஓர் உறுதியோடு ஏறுகிறார்கள். "இன்றோடு குடியை விட்டேன், குலதெய்வத்தின் முன் கயிறு கட்டப் போகிறேன்" என்கிறார்கள். மறுநாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் இல்லை. சிலருக்கு வலிப்பு வருகிறது. சிலர் இல்லாத உருவங்களைக் கண்டு அலறுகிறார்கள். பெட்டியில் இருப்போர் பேய் என்கிறார்கள், பைத்தியம் என்கிறார்கள்.

இரண்டும் அல்ல. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடித்த உடல், திடீரென்று குடி நின்றதால் படும் பாடு அது. கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். சத்தியத்தை நாம் குறை கூறவில்லை. அந்த உறுதிக்கு மருத்துவரின் துணை வேண்டும் என்கிறோம். முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். பிறகு கயிறு கட்டுங்கள்.

குடியை விட்டவன் மீண்டும் ஒருநாள் குடித்துவிட்டால், "இவன் உருப்பட மாட்டான்" என்று கைகழுவுகிறோம். சர்க்கரை கூடிய நோயாளியை அப்படிக் கைவிடுவோமா? அதற்காக, அடி வாங்கும் தாய்மார்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அடிப்பதற்கு நோய் சாக்கு ஆகாது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியோடு வரும் மனநலக் கேட்டையும் நோய் என்றே ஏற்கிறது. அரசு மருத்துவமனைச் சிகிச்சை நம் உரிமை; எவரும் போடும் பிச்சை அல்ல. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

தோழர்களே! மருத்துவமனையில் இந்தி பேசத் தெரியாமல் தவிக்கும் குடும்பத்தோடு நம்மில் ஒருவர் துணைக்குப் போவோம். சங்கம் இருப்பது அதற்குத்தான்.