தன் வாயால் கெட்ட மைனா

ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவியில் மைனாவுக்குப் பஞ்சமில்லை. உழவு ஓட்டும் டிராக்டருக்குப் பின்னாலேயே புழு பொறுக்கி நடக்கும். மேய்கிற மாட்டின் முதுகில் ஏறி உட்காரும். பெங்களூரா மாந்தோப்பில் கனிந்ததைக் கொத்தும். இங்கிருந்து வால்பாறைக்குப் போகிறவர் மலை மைனாவைக் கண்டால், இதுவும் மைனாதானா என்று கேட்பார்.

உடம்பு முழுக்க மினுமினுக்கும் கறுப்பு, ஆரஞ்சு அலகு, மஞ்சள் கால். கண்ணுக்குக் கீழே ஒன்று, பிடரியில் ஒன்று என மஞ்சள் தோல் மடிப்பு. தரைக்கு அநேகமாக இறங்காது. உச்சிக் கிளைகளில் தத்தித் தத்தி அத்திப்பழம் தேடும். பெரிய மரத்துப் பொந்தில்தான் முட்டையிடும். மரம் போனால் குடும்பமும் போயிற்று.

லின்னேயஸ் 1758-இல் ‘கிராகுலா’ என்று பெயரிட்ட பேரினம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் இனம் இலங்கையிலும் உண்டு. இலங்கைக்கே உரிய இன்னொரு இனத்துக்குப் பிடரியில் மட்டுமே மஞ்சள். கண்ணுக்குக் கீழே வெறும் கறுப்பு. பஸ்தர் காடுகளில் வாழும் மலை மைனாவைச் சத்தீஸ்கர் தன் மாநிலப் பறவையாக வைத்திருக்கிறது.

கூண்டில் இது மனிதக் குரலை அச்சு அசலாகப் பேசும், கிளியெல்லாம் அப்புறம்தான். ஆனால் காட்டில் வேறெந்தப் பறவையின் குரலையும் இது காப்பியடிப்பதில்லை. விலங்கியலாளர் பிரையன் பெர்ட்ராம் அசாமில் ஆராய்ந்து 1970-இல் எழுதியது சுவையானது: ஒவ்வொரு மைனாவிடமும் 3 முதல் 13 வகைக் கூவல்கள் உண்டு. ஆண் குஞ்சு அக்கம்பக்கத்து ஆண்களிடமும், பெண் குஞ்சு பெண்களிடமும் அவற்றைக் கற்கிறது. ஜோடியாக வாழும் இரண்டும் ஒரே கூவலைப் பகிர்வது அரிது. (நம் வீடுகளிலும் பல தம்பதிகள் அப்படித்தான்.) குஞ்சிலேயே பிடித்துக் கூண்டில் போட்டால் அக்கம்பக்கம் என்பது மனிதர்கள்தான். யாருமில்லாத குறைக்கு நம்மிடம் பாடம் படிக்கிறது.

இந்தத் திறமையே அதற்கு வினையாயிற்று. பொந்தில் கைவிட்டுக் குஞ்சுகளை எடுத்து விற்பது நெடுங்காலத் தொழில். 1997-இல் மலை மைனா, காட்டுயிர் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தபின் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இந்தியாவில் இதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். யாராவது “பேசும் மைனா இருக்கு, வேணுமா சார்?” என்று கேட்டால் பேரம் பேசாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.