மகுடத்துக்குள் ஒரு குடம்... காமாலை வைரஸில் ஒளிந்திருந்த 'எக்ஸ்' புரதம்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் கண் லேசாக மஞ்சளித்தாலே, 'வரப்புல கீழாநெல்லி இருக்கும், பறிச்சுட்டு வா' என்ற குரல்தான் முதலில் கேட்கும். அரைத்து மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுப்பார்கள். பலருக்குச் சரியாகியும்விடும். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே போய்விடக்கூடியது. பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு!

ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. ரத்தம், உடலுறவு, பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு எனப் பரவுகிற வைரஸ் இது. கண்ணில் மஞ்சளே காட்டாமல் வருடக்கணக்கில் கல்லீரலில் தங்கும். கவனிக்காமல் விட்டால் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை இழுத்துவிடலாம்.

இத்தனைக்கும் அதன் மரபணுத் தொடர் மொத்தமே சுமார் 3,200 எழுத்துகள்தான். மனிதனுடையது சுமார் 300 கோடி! 1979-ல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் இந்த வைரஸின் 3,182 எழுத்துகளையும் வரிசையாகப் படித்து வெளியிட்டார்கள்.

படித்தால் போதுமா, பொருள் புரிய வேண்டாமா? மரபணு மொழியை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். தொடக்கக் குறியில் ஆரம்பித்து, நடுவில் முற்றுப்புள்ளி வராமல் நீளமாக ஓடும் பகுதி, ஒரு புரதத்துக்கான குறிப்பாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான், ஆய்வகத்தில் நிரூபித்தால்தான் நிஜம்.

இந்த வைரஸில் இன்னொரு வேடிக்கை. 'மகுடம்' என்ற சொல்லில் முதல் எழுத்தை விட்டுப் படித்தால் 'குடம்' வருகிறதல்லவா? அதேபோல, ஓர் எழுத்து தள்ளிப் படித்தால் அதே எழுத்துகள் வேறொரு புரதத்தைச் சொல்கின்றன. உறைப் புரதத்துக்கான குறிப்பு முழுவதும், வைரஸை நகலெடுக்கும் புரதத்தின் குறிப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சிக்கனத்தில் நம் பாட்டிகளையே மிஞ்சிவிடும்!

இப்படித் தேடியதில் நான்கு பகுதிகள் கிடைத்தன. உறை, உள்கூடு, நகலெடுப்பு என மூன்றின் வேலை புரிந்தது. நான்காவது எதற்கென்றே தெரியவில்லை. அதனால் வைத்த பெயர்தான் 'எக்ஸ்'. அதன் முக்கிய வேலை ஒன்று தெளிவாக 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் கல்லீரல் செல்லுக்குள் ஒரு காவல் புரதக் கூட்டம் இருக்கிறது. வைரஸின் டி.என்.ஏ.வை வேலை செய்யவிடாமல் அது அடக்கிவைக்கும. செல்லிலேயே இருக்கும் கழிவகற்றும் ஏற்பாட்டை ஏவிவிட்டு, அந்தக் காவலைத் தீர்த்துக்கட்டுவதுதான் எக்ஸின் வேலை. வீட்டுக்காரர் துடைப்பத்தாலேயே வீட்டுக்காரரை அடிக்கிற கதை.

கீழாநெல்லி இதற்கு உதவாதா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பாருக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து சோதித்தே பார்த்தார்கள். 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது: மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் உறைப் புரதம் காணாமல்போயிருந்தது. ஆனால், பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை.

உறுதியாகப் பலன் தந்தது, அந்த 3,200 எழுத்துகளில் உறைக்கான பகுதிதான். அதை ஈஸ்டுக்குள் செலுத்தி, உறைப் புரதத்தை மட்டும் தயாரிக்கிறார்கள். 1986-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தடுப்பூசி அப்படி உருவானதே. 'பச்சக் குழந்தைக்கு வைரஸையே ஊசியில ஏத்துறாங்களா?' என்று பயப்படும் அம்மாக்கள் கவனிக்க: அந்த ஊசியில் வைரஸ் கிடையாது, அதன் சட்டை மட்டுமே!

பிறக்கும்போதே தொற்றிக்கொண்டால், சுமார் 90 சதவிகிதக் குழந்தைகளிடம் வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களிடம் இது 5 சதவிகிதத்துக்கும் குறைவு. அதனால்தான் முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியுடன் சேர்ந்தே வந்துவிடும். கர்ப்பிணிகள் செய்துகொள்ளும் ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தால், அதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும். குழந்தைக்குக் கூடுதலாக இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும்.