முகாம் கிளினிக்கில் தொண்டர் என்பவர் யார்?



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளை உயர்தரம் வரை படிப்பித்த பெற்றோர் நேரமெடுத்து வாசியுங்கள்.

பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகள் சிலர், எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் நற்சான்றிதழ் கேட்டு வருகிறார்கள். வெளிநாட்டு அகதி முகாமொன்றின் கிளினிக்கில் இரண்டு வாரம் தொண்டு செய்ய வேண்டுமாம். கேட்கும்போதே மனம் குளிர்கிறது. அடுத்தவன் துன்பம் உறைக்கிற பிள்ளைகள் எங்கள் வகுப்பறையிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பது சின்ன விடயமல்ல. ஆனாலும் அங்கே ஒரு தொண்டரின் நாள் எப்படிக் கழிகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் டிக்கட் போடுவதைப் பற்றிப் பேச வேண்டும். அதிகம் கேட்கப்படுகிற பங்களாதேஷின் கொக்ஸ் பஸாரையே எடுத்துக்கொள்வோம்.

2017 ஓகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதங்களுக்குள் 7 இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் மியன்மாரிலிருந்து அங்கே தப்பி வந்தார்கள். அதற்கு முன்பே வந்திருந்தவர்களோடு சேர்ந்து குட்டுபலொங் உலகின் மிகப் பெரிய அகதி முகாமானது. மண் குன்றுகளில் மூங்கிலும் தறப்பாளும் கொண்டு கட்டிய கொட்டில்கள். மழைக்காலத்தில் மண் சரியும். கோடையில் தீப்பிடிக்கும். இத்தனைக்கும் நடுவில்தான் கிளினிக்குகள்.

அங்கே தொண்டரின் வேலை ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பதல்ல. பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை ஒழுங்குபடுத்த வேண்டும். பெயர் பதிய வேண்டும். பிள்ளையை நிறுக்க வேண்டும். எங்கள் ஊர் மிட்வைஃப் மிஸ் மாதாமாதம் கிளினிக் கார்டில் புள்ளி போடுகிறாரே, அதே வேலைதான். கூடவே மேற்கையைச் சுற்றி அளக்க ஒரு நிறப்பட்டி. 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளையின் கையளவு 12.5 செண்டிமீற்றருக்கு மேலிருந்தால் பச்சை. 11.5க்கும் 12.5க்கும் இடையில் மஞ்சள். 11.5க்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் கடுமையான போசாக்கின்மை, அந்தப் பிள்ளையை அன்றே சிகிச்சைக்குச் சேர்க்க வேண்டும். இந்தப் பட்டியைப் பிடிக்க டொக்டராக இருக்கத் தேவையில்லை. பயிற்சி பெற்ற தாயே பிடிக்கலாம். ஆனால் நாளுக்கு எத்தனை தடவை பிடித்தாலும் கவனம் பிசகக் கூடாது.

அடுத்தது வயிற்றோட்டம். நாங்கள் கடையில் 'ஜீவனி' பெக்கட் என்று வாங்குகிறோமே, அந்தக் கரைசலின் கதை வங்காள மண்ணோடு பிணைந்தது. 1971 யுத்தத்தில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி ஓடிய மக்கள் மேற்கு வங்காளத்து முகாம்களில் கொலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். பொன்காவ்ன் என்ற ஊரில் சேலைன் போத்தல்கள் தீர்ந்துபோனபோது, டொக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குவளையால் ஊட்டச் சொன்னார். 30 சதவீதமளவில் இருந்த மரணம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடக்கு மடக்காகப் பருக்கிய உம்மாமாரும் சகோதரங்களும்தான் அந்த முகாமின் தொண்டர்கள்.

பிறகு 1980 தொடங்கிப் பத்து வருடங்களில் பங்களாதேஷின் 'ப்ராக்' நிறுவனம் 1 கோடியே 20 இலட்சம் வீடுகளுக்குப் பெண்களை அனுப்பி, உப்பு, வெல்லம், தண்ணீர் மூன்றையும் கலக்கும் முறையைப் படிப்பித்தது. எத்தனை வீடு ஏறினாய் என்று கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் போய்ச் சோதித்துக் கொடுத்தார்கள். ஆசிரியர்களான எங்களுக்கே இதில் பாடம் இருக்கிறது!

இனி மொழி. ரோஹிங்யா மொழி சிட்டகொங் பேச்சுக்குக் கிட்டியது, ஆனால் அதுவேயல்ல. வயிற்றோட்டத்துக்கு அவர்கள் சொல்லும் 'கா லாமானி' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'உடம்பு இறங்குகிறது' என்று வரும். டாக்காவிலிருந்து வந்த வங்காள டொக்டருக்கே விளங்காமல் போகும். எங்கள் வாப்பும்மா 'வயித்தால போகுது' என்று சொன்னால் வெளியூர்க்காரன் விழிப்பானே, அதுபோல. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்களோடு ஒரு படகு முல்லைத்தீவுக் கரைக்கு வந்தது. மீனவர்களும் ஊர்மக்களும் உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். ஆனால் என்ன வருத்தம், எத்தனை நாள் கடலில் என்று கேட்கப் பொதுமொழி இல்லை. பரிவு இருந்தது, பாஷை இல்லை. கிளினிக்கில் பாஷை இல்லாவிட்டால் நோயை எப்படிக் கேட்டறிவது?

அப்படியானால் கொக்ஸ் பஸாரில் கிளினிக்கைத் தாங்கிப் பிடிப்பவர் யார்? ஆயிரத்துக்கும் அதிகமான சமூக சுகாதாரத் தொண்டர்கள். அவர்களில் பெரும்பாலானோர் ரோஹிங்யாக்களே. கொட்டில் கொட்டிலாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பதும், காய்ச்சல்காரரைக் கூட்டி வருவதும், தடுப்பூசிக்குப் பயப்படும் தாயிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதும் அவர்கள்தான். மாலையானதும் வெளியாட்கள் முகாமைவிட்டு வெளியேறிவிட வேண்டும். இரவில் வலி எடுக்கும் பெண்ணின் பக்கத்தில் இருக்கப்போவது அடுத்த கொட்டில் பெண்தான்.

அவர்களை 'தொண்டர்' என்று அழைப்பதற்கு ஒரு கசப்பான காரணமும் உண்டு. அகதிகள் முறையாகத் தொழில் செய்ய அனுமதியில்லை. அதனால் சம்பளம் என்று சொல்லாமல் மணித்தியாலக் கணக்கில் ஒரு சிறு ஊக்கத்தொகை. இதைக் கேட்டதும் எங்கள் தொண்டர் ஆசிரியர்களின் முகம் கண்முன் வரவில்லையா? வருடக்கணக்கில் வகுப்பெடுத்துவிட்டு நிரந்தர நியமனத்துக்காக வீதியில் நின்றவர்கள். 'தொண்டு' என்ற அழகான சொல்லுக்குள் கூலி கொடுபடாத உழைப்பு ஒளிந்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல.

உதவி வாங்கும் பக்கத்தில் நின்றவர்களும் நாங்கள்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோரப் பாடசாலைகள் முகாம்களாயின. வெளிநாட்டுக்காரர் வந்தார்கள், காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள். அந்த நன்றியை மறக்க மாட்டோம். அதே சுனாமியில் இந்தோனேசியாவின் அச்சேவுக்கு 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதி அந்த ஊர்க்காரருக்கு வாசிக்கத் தெரியாத மொழிகளில் பெயர் எழுதியது, தேவைப்பட்டியலில் இல்லாதது. கடைசியில் அதை அழிப்பதே தனிச் செலவாயிற்று. நல்ல மனதோடு அனுப்பியதுதான். ஆனால் 'உங்களுக்கு என்ன தேவை?' என்று முதலில் கேட்கவில்லை.

அப்படியென்றால் யாருமே போகக் கூடாதா என்று கேட்பீர்கள். போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். டொக்டர், தாதி, மருத்துவமாது, ஆய்வுகூடம் தெரிந்தவர், மருந்துக் களஞ்சியத்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர். இவர்கள் பதிவுள்ள நிறுவனமொன்றோடு, மாதக்கணக்கில் தங்கும் எண்ணத்தோடு போகட்டும். கைத்தொழில் ஒன்றுமில்லாமல் இரண்டு வாரத்துக்குப் போகும் 19 வயதுப் பிள்ளைக்கு அங்கே இருக்கிற தொண்டர் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு மொழிபெயர்க்க வேண்டும், வழிகாட்ட வேண்டும். உதவி செய்யப் போனவர் உதவி வாங்குபவராகிவிடுவார். போட்டோ விடயத்தையும் சொல்லியாக வேண்டும். உங்கள் தங்கச்சி வருத்தமாகக் கிடக்கும்போது யாரோ படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டால் விடுவீர்களா? முகாமில் இருக்கும் பிள்ளைக்கும் மானம் இருக்கிறது.

பிள்ளைகளே, இந்த மூன்று மாதத்தில் செய்ய எங்கள் காலடியிலேயே வேலை கிடக்கிறது. முதலுதவிப் பயிற்சி எடுங்கள். எம்.ஓ.எச். அலுவலகத்தில் போய் டெங்கு வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம். எங்கள் பக்கத்திலிருந்து தூரத்துப் பெரிய வைத்தியசாலைகளுக்குப் போகும் வயதானவர்கள் தங்கள் நோயைச் சொல்ல மொழியின்றி நிற்கிறார்கள். கிழமையில் ஒரு நாள் அவர்களோடு போய்ப் பக்கத்தில் நின்று, டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். குட்டுபலொங்கில் அந்த ரோஹிங்யாப் பெண் செய்வதும் இதைத்தான். டிக்கட்டுக்குச் சேர்த்த காசை, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் நம்பகமான அமைப்பொன்றுக்கு அனுப்பிவிடுங்கள்.

பள்ளி நிர்வாகத்தினருக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியசாலைக்குத் துணை போகும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை ஊர்மட்டத்தில் தயாரிப்போம். பெயர் தர விரும்புபவர்கள் கீழே எழுதுங்கள். ஒரு வருடம் இதில் நின்று பிடித்த பிள்ளை பிறகு உலகத்தின் எந்த முகாமுக்குப் போகக் கேட்டாலும், சிபாரிசுக் கடிதத்தை நாங்கள் சந்தோசமாக எழுதிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.