பொத்தானில் பிறக்குமா ஓவியம்?

பள்ளிகளிலும் கோடை விடுமுறை வகுப்புகளிலும் புதியதொரு பயிற்சி இன்று இடம்பிடித்து வருகிறது. குழந்தையின் முகத்தைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். திரையில் வரிசையாகத் தோன்றும் ஓவியர்களுள் ஒருவரைத் தொடச் சொல்கிறார்கள். சில நொடிகளில் அம்முகம் வான் கோ தீட்டியதுபோல் சுழலும் வண்ணக் கோடுகளாக மாறிவிடுகிறது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, கீழே குழந்தையின் பெயரை எழுதுகிறார்கள். பெற்றோரும் பூரிக்கின்றனர். இதைக் கலைக்கல்வி என்று அழைப்பது பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் துணிபு.

இவ்வித்தையின் வரலாறு நீண்டதன்று. 2015ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர் மூவர், ஆற்றங்கரை வீடுகளின் புகைப்படம் ஒன்றை வான் கோவின் 'விண்மீன் இரவு' ஓவியத்தின் பாணியில் மாற்றிக் காட்டினர். படத்தில் உள்ள உருவத்தைத் தனியாகவும், வண்ணமும் தூரிகைத் தடமும் அமைந்த விதத்தைத் தனியாகவும் கணினி பிரித்தெடுத்து, ஒன்றின்மேல் மற்றொன்றை ஏற்றியது. மறு ஆண்டே பிரிஸ்மா என்னும் செயலி இதைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. கணித அறிவின் சாதனை என்ற அளவில் இது போற்றத்தக்கதே. ஆயினும், பாணி என்பது கழற்றி மாட்டத்தக்க சட்டை என்னும் எண்ணத்தை இது குழந்தையின் உள்ளத்தில் விதைத்துவிடுகிறது. கேடு தொடங்குவது அங்கேதான்.

வான் கோவுக்கு அந்தப் பாணி எங்கிருந்து வந்தது? 1879இல் பெல்ஜியத்தின் பொரினாஜ் சுரங்கப் பகுதியில் ஏழைத் தொழிலாளரிடையே நற்செய்திப் பணி புரிந்தவர் அவர். அப்பணி பறிபோன பின், 1880இல், 27ஆம் வயதில்தான் ஓவியராவதென உறுதிகொண்டார். அமர்ந்து காட்டுவோருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. ஆகவே தம் முகத்தையே வரைந்தார். இதற்கென்றே நல்ல கண்ணாடி ஒன்றை வாங்கியதாக 1888இல் ஆர்ல் நகரிலிருந்து தம்பி தியோவுக்கு எழுதினார். அவர் தீட்டிய தன்னுருவப் படங்கள் 35க்கும் மேற்பட்டவை. ஒரே முகத்தை அத்தனை முறை உற்று நோக்கியவரின் கையிலிருந்து பிறந்தவை அந்தக் கோடுகள்.

அதே ஆர்ல் நகரில் அஞ்சல் ஊழியர் ஜோசப் ரூலானின் குடும்பம் முழுவதையும் வரைந்தார். அவர்களுள் 11 வயதுச் சிறுவன் கமீலும் ஒருவன். அவனுடைய படங்களுள் ஒன்று ஆம்ஸ்டர்டாமிலும் மற்றொன்று ஃபிலடெல்ஃபியாவிலும் உள்ளன. எளிய ஊழியரின் மகனாகிய அவனை உலகம் இன்றும் அறிந்திருப்பதற்கு, ஒருவர் அவனைப் பொறுமையோடு பார்த்தார் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டோ? பண்டைய ஓவியர்கள் புனிதர்களின் தலையைச் சுற்றி வரைந்த ஒளிவட்டம் எதைச் சுட்டியதோ, அந்த நிலைபேற்றைச் சாதாரண மனிதரின் உருவப்படத்தில் வண்ணத்தின் வழியே தர விரும்புவதாக அவர் 1888இல் எழுதியதும் இங்கே கருதத்தக்கது. நம் வகுப்பறையிலோ குழந்தையின் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆசிரியர் பார்க்கவில்லை, குழந்தையும் தன்னைப் பார்க்கவில்லை. கணினி அளக்கிறது, அவ்வளவே.

"பெரியோரைப் பின்பற்றித்தானே கலை வளர்கிறது? வான் கோவே மற்றவர் ஓவியங்களை நகலெடுத்தவர் அல்லவா?" என்று சிலர் வினவலாம். உண்மைதான். 1889, 1890ஆம் ஆண்டுகளில் சான் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது, மில்லேயின் படைப்புகளைத் தழுவி 20க்கும் மேற்பட்ட ஓவியங்கள் தீட்டினார். தெலாக்ருவாவின் வியாகுல அன்னை ஓவியத்தையும் அவ்வாறே தம் கையால் மீண்டும் படைத்தார். அவர் முன் இருந்தவையோ வண்ணமற்ற அச்சுப் படங்கள். நீலம் எது, மஞ்சள் எது என்பதை அவரே தேர்ந்தாக வேண்டியிருந்தது. கையால் நகலெடுப்பவன் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு முடிவு எடுக்கிறான். பொத்தானைத் தொடும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு ஒருமுறைகூடத் தரப்படுவதில்லை.

"குழந்தைகள் மகிழ்கிறார்களே!" என்பர் வேறு சிலர். மகிழட்டும். விளையாட்டை விளையாட்டு என்றே சொல்வோம். செய்யாததைச் செய்ததாகப் பாராட்ட வேண்டாம். உழைப்பின்றிப் பெற்ற படத்தின் அருகே தன் கோணல் கோட்டை வைத்துப் பார்க்கும் குழந்தை, தன் கை பயனற்றது என்றே முடிவுகட்டும். அந்த இழப்பை எந்த அச்சுப்படம் ஈடுசெய்யும்?

கணினிமீது நமக்குப் பகை ஏதுமில்லை. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 70 வயதைக் கடந்த பின், 2009இல் கைப்பேசியிலும் மறு ஆண்டில் ஐபேடிலும் விரலால் வரையத் தொடங்கினார். கருவி புதிது, பார்த்ததும் வரைந்ததும் அவருடைய கண்ணும் கையுமே. நம் பிள்ளைகளுக்கும் அதே கருவியைக் கொடுப்போம். கூடவே ஒரு முகக்கண்ணாடியையும் கொடுப்போம். "உன் புருவம் எப்படி வளைகிறது? நீ சினந்திருக்கும்போது பின்னணிக்கு எந்த வண்ணம் பொருந்தும்?" என்று கேட்போம். வான் கோவின் படத்தைக் காட்டி, அவர் ஏன் பச்சையைத் தேர்ந்தார் என்று சிந்திக்கவிடுவோம். வகுப்பு முடியும்போது கிடைப்பது கோணல்மாணலான படமாக இருக்கலாம்; மூக்கு ஒருபுறம் சாய்ந்திருக்கலாம். பெற்றோரே, அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுங்கள். அதன் அடியில் உங்கள் பிள்ளையின் பெயரை எழுதுவதற்கு உரிமை உண்டு.