பூட்டியது யார் என்றாவது சொல்லுங்கள்

சந்தேகம் பதினெட்டாயிரம் ரூபாய் மேல்தான் என்கிறீர்கள். சரி. அப்புறம் என் மொத்தக் கணக்கையும் ஏன் ஐயா முடக்கினீர்கள்? சம்பளம் அதில்தான் விழுகிறது. அம்மாவின் மாத்திரை, மகளின் ஃபீஸ் எல்லாம் அதிலிருந்துதான். மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்குக் கிடங்கில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். கூட்டலில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போகாத வேலை. எனக்கு மோசடிக்காரன் என்ற பட்டம்!

செய்த குற்றம் இதுதான். கையிலிருந்த கொஞ்சம் யூஎஸ்டிடி கிரிப்டோவைச் செயலி வழியே முகம் தெரியாத ஒருவருக்கு விற்றேன். அவர் யூபிஐயில் பணம் போட்டார். வடக்கே ஒரு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிய பணம், கை மாறிக் கை மாறி என்னிடம் வந்ததாம். அந்த மாநிலத்து சைபர் போலீஸ் ஒரு மெயில் தட்டியது, வங்கி பூட்டிவிட்டது. "நம்ம கையில ஒண்ணுமில்ல சேட்டா, அங்க போய் என்ஓசி வாங்கிட்டு வாங்க" என்கிறார் மேலாளர். எந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போவது?

நான் யாரென்று தெரியாதா இவர்களுக்கு? பான், ஆதார், செல்ஃபி எல்லாம் கொடுத்தவன். 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் வரி. நட்டம் வந்தாலோ அதை எதிலும் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலையில் 1 சதவீத டிடிஎஸ் வந்தது. 2023 மார்ச் 7 அறிவிக்கையால் கிரிப்டோ சந்தைகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. சந்தேகப்பட்ட பரிவர்த்தனையை நிதிப் புலனாய்வுப் பிரிவான எஃப்ஐயுவுக்குச் சொல்லியாக வேண்டும். அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவுப்படி என் விவரங்கள் ஐந்தாண்டு பத்திரமாக இருக்கும். புதிய வருமான வரிச் சட்டமோ, சோதனைக்கு வரும் அதிகாரி மின்னஞ்சலையும் வர்த்தகக் கணக்கையும் கடவுச்சொல்லை மீறியே திறக்கலாம் என்கிறது. இத்தனையும் தெரிந்தவர்களுக்கு, ஏமாற்றியவன் யார், விற்றவன் யார் என்று மட்டும் பிரிக்கத் தெரியவில்லை!

கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மோரிஸ் காயின் என்ற போலி கிரிப்டோவைச் சொல்லி ஆசை காட்டி இதே கேரளத்தில் எத்தனை குடும்பங்களைக் கவிழ்த்தார்கள்! எங்கள் யூதத் தெருவிலேயே மிளகுக்கு முன்பேரச் சந்தை நடந்தது, 1957 முதல். கூவிக் கூவி விலை பேசுவார்கள். அதற்கும் அரசின் கண்காணிப்பு ஆணையம் இருந்தது. ஆனால் தகராறு என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. இப்போது? 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் கோடி ரூபாய்ச் சொத்து களவு போனபோது, ஓராண்டுக்கு மேல் தங்கள் காசைத் தொட முடியாமல் காத்துக் கிடந்தவர்களும் பான், ஆதார் கொடுத்தவர்கள்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. உள்ளே பார்த்தால், குற்ற விசாரணைக்கு விலக்கு. அரசு தன் அமைப்புகளுக்கு வேண்டிய விலக்கை அறிவித்துக்கொள்ளவும் வழி. என் விவரத்தை யார் திறந்து பார்த்தார், யாருக்கு அனுப்பினார்? கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சட்டத்தில் இல்லாததையா கேட்கிறேன்? போலீஸ் சொத்தை முடக்கினால் உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 106ஆம் பிரிவு. யூபிஐ பணத்தால் கணக்கு முடங்கிய பலர் வழக்குப் போட்டபோது, போலீஸ் குறிப்பிட்ட தொகையோடு முடக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 2023இலேயே கேரள உயர் நீதிமன்றம் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அந்த நீதிமன்றம் காயலுக்கு அந்தப் பக்கம், எறணாகுளத்தில்தான் இருக்கிறது. தீர்ப்பு இந்தக் கரைக்கு வந்து சேரவில்லையா?

வழக்கு எண்ணைக் கொடுங்கள். பூட்டச் சொன்ன அதிகாரியின் பெயரைச் சொல்லுங்கள். எத்தனை நாளில் விசாரித்து முடிப்பீர்கள் என்று எழுதித் தாருங்கள். அதுவரை அந்தப் பதினெட்டாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி என் சம்பளம், அதைத் திறந்துவிடுங்கள்.