தாராசுரத்துப் பெண்ணும் கன்னியர் மடமும்

தாராசுரத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவர் பட்டுத் தறி வைத்து ஜீவனம் செய்கிறவர். முப்பது வருஷத்துக்கு மேலாக இயக்கத்தோடு பழகி வருகிறவர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் வெளியிடவில்லை. அவருடைய தங்கை, கொள்ளிடக்கரைக் கிராமத்துக் கத்தோலிக்கர் ஒருவரை ஜாதியும் மதமும் பாராமல் ரிஜிஸ்தர் கலியாணம் செய்துகொண்டவர். அந்தக் கலியாணத்தை முன்னின்று நடத்தியவர் இந்தத் தோழரே. பிள்ளைகள் பிறந்ததும் புருஷன் வீட்டார் ஞானஸ்நானம் செய்துவிட்டார்கள். தோழர் அப்போது சும்மா இருந்துவிட்டார். அந்தத் தங்கையின் மகள் கும்பகோணத்தில் கன்னியர் நடத்தும் பள்ளியில் படித்து, நர்சு வேலைக்கும் பயின்று, இப்போது இருபத்திரண்டாவது வயதில், "நான் கன்னியாஸ்திரிகள் சபையில் சேரப்போகிறேன்" என்று சொல்லிவிட்டாளாம். தோழருக்கு மனம் ஆறவில்லை. கன்னியர் மடங்களின் புரட்டை வெளிப்படுத்திக் காரமாக ஒரு வியாசம் எழுதும்படியும், அதை அவள் கையில் கொடுக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறார்.

காரமாக எழுதுவதில் நமக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெண் படித்தவள். கன்னியர்களைப் பத்து வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள். நாம் உள்ளதை மறைத்து ஒரு வரி எழுதினாலும் கடுதாசியைத் தூக்கி எறிந்துவிடுவாள். ஆகையால் அவர்களுக்குச் சேரவேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிட்டே மேலே போக வேண்டும்.

நம்முடைய நாட்டில் நூற்றெண்பது வருஷங்களுக்கு முன் பெண்பிள்ளை படிப்பதென்றால் என்ன பேச்சு நடந்தது என்று நம்மவர்கள் அநேகருக்குத் தெரியாது. இந்நாட்டுப் பழக்கவழக்கங்களைப் பற்றிப் பெரிய புஸ்தகம் எழுதிய துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரி, இங்கே வாசிக்கவும் பாடவும் கற்றுக்கொள்ளும் பெண்கள் கோயில் தாசிகளே என்றும், குடும்பப் பெண்ணுக்குப் படிப்புத் தெரியும் என்று சொல்வது அவளுக்கு அவமானம் என்றும் எழுதிவைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜனுக்கு முன்னோனான முதலாம் ராஜராஜன், தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான் என்று அந்தக் கோயில் கல்வெட்டே சொல்லுகிறது. கல்லிலே வெட்டிப் பெருமை பேசினார்கள்! ஆனால் நானூறு பெண்கள் படிக்க ஒரு பள்ளிக்கூடம் வைத்ததாக எந்தக் கல்லிலும் நாம் கண்டதில்லை.

அந்த நிலைமையில்தான் 1844ஆம் வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி, புதுச்சேரியில் லூயி சாவினியன் துப்புயி என்ற பிரெஞ்சுப் பாதிரி, இந்நாட்டுப் பெண்களையே கொண்டு மரியாயின் மாசற்ற இருதய சபை என்ற கன்னியர் சபையை ஆரம்பித்தார். பெண்குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லுவதே அதன் முதல் வேலை. இவர் மூசே பாதிரியோடு சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி செய்தவர். சீமையிலிருந்து கன்னியரைக் கப்பலேற்றிக் கொண்டுவராமல், சேலை கட்டிய தமிழ்ப் பெண்களிடம் "நீங்களே உபாத்தியாயினிகள்" என்று பள்ளிக்கூடத்தை ஒப்படைத்தார். பெண்ணுக்குப் படிப்பு வந்தால் தாசியாகிவிடுவாள் என்று ஊர் பேசிய காலத்தில், படித்துங்கூட ஊரே மரியாதை செய்யும்படி ஒரு பெண் நடமாட முடியும் என்று காட்டிய முதல் கூட்டம் அவர்களே என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொன்று. 1858ல் திருச்சியில் அன்னம்மாள் என்ற விதவை, தம்மைப் போன்ற விதவைகளைச் சேர்த்துக்கொண்டு அன்னாள் சபையை ஆரம்பித்தார். விதவா விவாகச் சட்டம் 1856ல் பாசாகி இரண்டு வருஷமே ஆகியிருந்தது. சட்டம் கடுதாசியில் இருந்தது. காவேரிக்கரையில் பத்து வயதுத் தாலியறுத்த குழந்தையைக்கூட மூலையில்தான் உட்காரவைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, "மூலையை விட்டு எழுந்து வா, உனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்ல ஒரு இடம் இருந்தது. அந்த இடம் நமது சங்கராச்சாரிகளின் மடம் அல்ல.

மடம் என்று சொல்லும்போது நமது ஜில்லாவின் மடங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் என்று, காவேரித் தண்ணீர் பாயும் நல்ல நன்செய்களையெல்லாம் அனுபவித்து வந்த மடங்கள் இருக்கின்றன. புலவர்களுக்குச் சோறு போட்டார்கள், ஏடுகளைக் காப்பாற்றினார்கள், பிற்காலத்தில் கல்லூரிகளும் வைத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவற்றில் எதிலாவது ஒரு பெண்ணைச் சேர்த்துப் பட்டங் கட்டியதுண்டா? 2022ஆம் வருஷத்திலே தருமபுரத்தில் என்ன நடந்தது? பல்லக்கில் ஆதீனகர்த்தரை மனிதர்கள் சுமந்துகொண்டு போகக்கூடாது என்று அதிகாரி தடை போட்டதற்கு ஊரெல்லாம் கூச்சல் கிளம்பி, கடைசியில் தடையை நீக்கிப் பல்லக்குத் தூக்கினார்கள். ஒரு துறவியை மனிதர் தோளில் சுமப்பது தர்மம் என்கிறது ஒரு மடம். இன்னொரு மடத்துத் துறவியோ சீழ் வடியும் நோயாளியைத் தானே தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறாள். நர்சு படித்த பெண் ஒருத்தி இவ்விரண்டையும் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் சாய்வாள் என்பதைத் தோழரே யோசிக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மற்றப் பக்கத்தையும் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

கன்னியர்கள் கொடுக்கும் வார்த்தைப்பாடுகள் மூன்று: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். கற்பைப் பற்றி நாம் அதிகம் பேசப்போவதில்லை. கலியாணம் வேண்டுமா வேண்டாமா என்பது அவளவள் இஷ்டம்; கலியாணம் செய்துகொண்டவர்களெல்லாம் சுகப்பட்டுவிட்டார்கள் என்று நாம் சத்தியம் செய்யத் தயாராயில்லை. மற்ற இரண்டுமே நமக்கு முக்கியமாகப் படுகின்றன.

ஏழ்மை என்பது என்ன? ரோமாபுரிச் சபைச் சட்டப்படி, சபையில் சேர்ந்தவள் தன் உழைப்பால் சம்பாதிப்பதெல்லாம் சபைக்கே சேரும். உதவிபெறும் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி உபாத்தியாயினிக்குச் சர்க்கார் கொடுக்கும் சம்பளமும் அப்படியே. இதனால் ஒரு வழக்கு நடந்தது. வெள்ளைக்கார சர்க்கார் காலத்தில் 1944ல் வந்த ஒரு சுற்றறிக்கையைக் காட்டி, இந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கக்கூடாது என்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள சபைகளும் மேற்றிராணியார்களும் கேட்டார்கள். அதற்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று, வார்த்தைப்பாடு கொடுத்தவர் சபைச் சட்டப்படி சிவில் விஷயத்தில் இறந்தவருக்குச் சமம், ஆகையால் சம்பளம் அவருடையதே அல்ல என்பது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அப்பீல்களைத் தள்ளிவிட்டது. சம்பளம் வாங்குகிறவர் வாங்குகிறவர்தான், அதை அப்புறம் யாரிடம் கொடுத்தாலும் வரி உண்டு என்று ஆகிவிட்டது.

வரியைப் பற்றி நமக்குக் கவலையில்லை. காலை எட்டு மணி முதல் மாலை வரை நின்று பாடம் சொல்லும் ஒரு பெண்ணை "இறந்தவள்" என்று கோர்ட்டிலே வாதாடினார்களே, அதுதான் நமது நெஞ்சில் தைக்கிறது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929ல் செங்கற்பட்டில் நாம் தீர்மானம் போட்டோம். அறுபது வருஷம் கழித்து 1989ல் நமது மாகாணத்தில் சட்டமாயிற்று. 2005ல் இந்தியா முழுவதற்கும் ஆயிற்று. கிறிஸ்தவப் பெண்ணுக்கோ 1925ஆம் வருஷத்து வாரிசுச் சட்டமே மகனோடு மகளுக்குச் சமபங்கு கொடுத்திருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு வந்த உரிமையை ஒரு பெண் தானே கையெழுத்துப் போட்டு விட்டுவிடுவது என்றால் சாதாரண விஷயமா? இதைவிட மோசம் இன்னொன்று. நாற்பது வருஷம் உழைத்தவள் மனம் மாறி வெளியே வந்தால், செய்த வேலைக்காகச் சபையிடம் எதையும் பாத்தியமாகக் கேட்க முடியாது என்று அவர்களுடைய சட்டமே சொல்லுகிறது. சபை தர்ம நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. முதலாளிகளும் இப்படித்தான் சொல்லுவார்கள்: கூலியைக் கேட்காதே, கருணையைக் கேள்!

கீழ்ப்படிதலுக்குக் கேரளத்து லூசி களப்புரையே போதும். மேற்றிராணியார் ஒருவர் மீது புகார் சொன்ன கன்னியருக்காக 2018ல் கொச்சியில் நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டவர் அவர். 2019ல் அவருடைய சபை அவரை வெளியேற்றிற்று. மேற்றிராணியாரை விசாரணைக் கோர்ட் 2022ல் விடுதலை செய்தது. அது வேறு சங்கதி. வெளியேற்றியதற்குச் சபை சொன்ன குற்றங்களில், கார் ஓட்டக் கற்று லைசென்சு எடுத்ததும், கார் வாங்கியதும், கவிதைப் புஸ்தகம் போட்டதும் சேர்ந்திருந்தன. ஐம்பது வயது கடந்த உபாத்தியாயினி வண்டி ஓட்டுவது குற்றமாம்! தகப்பன், புருஷன், மகன் என்று மூவர் காவலில் பெண்ணை வைத்தான் மனு. அந்த மூவரையும் விட்டுத் தப்பி வந்தவளுக்கு இங்கே நாலாவது காவல் காத்திருக்கிறது. அந்தக் காவலுக்கு மேலே மேற்றிராணியார், அவருக்கு மேலே போப்பு என்று கடைசிவரையில் ஆண்பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். எவ்வளவு படித்தாலும் எவ்வளவு சேவை செய்தாலும் ஒரு கன்னியாஸ்திரி பூசை வைக்க முடியாது.

"இது கடவுள் கட்டளை, மாற்றமுடியாது" என்று சொன்னால் அந்தப் பெண் ஒரு சரித்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். அவள் நர்சு ஆனபடியால் அவளுக்கு இது சுலபமாகப் புரியும். வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் வைத்தியத் தொழில் செய்யக்கூடாது, பிரசவம் பார்க்கக்கூடாது என்று ரோமாபுரி தடை வைத்திருந்தது. ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று இந்நாட்டுப் பெண்கள் பிள்ளைப்பேற்றிலே செத்துக்கொண்டிருந்த காலம் அது. 1920ல் குண்டூருக்கு வந்த மேரி குளோரி என்ற ஆஸ்திரேலிய டாக்டர், கன்னியாஸ்திரியான பிறகும் வைத்தியம் செய்யப் போப்பிடம் தனி அநுமதி வாங்க வேண்டியிருந்தது. ராவல்பிண்டியில் வேலை செய்த அன்னா டெங்கல் என்ற டாக்டர் வருஷக்கணக்காக மன்றாடினார். கடைசியில் 1936 பிப்ரவரியில்தான் தடை நீங்கிற்று. தடையை நீக்கியது வானத்திலிருந்து வந்த குரலா? பிரசவ அறையிலே நின்ற பெண்களின் பிடிவாதமே அதை நீக்கிற்று. இன்று அவள் போக விரும்பும் ஆஸ்பத்திரி வேலையே அப்படிச் சண்டை போட்டு வாங்கியதுதான்.

ஜாதியையும் சொல்லிவிட வேண்டும். வடக்கன்குளத்தில் ஜாதிக்கொரு பாகமாகக் கோயில் கட்டிச் சுவர் வைத்ததும், அதை 1910 வாக்கில் இடித்ததும், இடித்ததற்காக வழக்காடியதும் பழங்கதை. ஆனால் கும்பகோணம் மேற்றிராசனத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையத்தில் இன்னமும் தங்களுக்கு ஜாதி வித்தியாசம் காட்டப்படுவதாகத் தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர்கள் போட்ட வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் அங்கிருந்து நோட்டீசு பிறந்திருக்கிறது. 1899ல் ஏற்பட்ட மேற்றிராசனம் இது. நூற்றிருபத்தைந்து வருஷம் ஞானஸ்நானத் தண்ணீர் தெளித்தும் போகாத அழுக்கு என்றால், தண்ணீரைக் குறைசொல்வதா, தெளித்த கையைக் குறைசொல்வதா? ஜாதி பாராமல் கலியாணம் செய்துகொண்ட தாய்க்குப் பிறந்தவள் இதைத் தன் சபையில் சேருமுன் கேட்டாக வேண்டும்.

இனித் தோழருக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறோம். கடிதத்தின் நடுவில் அவர் இரண்டு வரி எழுதியிருக்கிறார்: இரண்டு வருஷமாக அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததாகவும், வந்தவர்கள் எல்லாம் நகையும் ரொக்கமும் பேசினதாகவும், அதில் ஒருவர் இயக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும். அந்த இரண்டு வரியை அவர் பேச்சோடு பேச்சாக எழுதிவிட்டார். நமக்கோ அதைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பவுன் கணக்குப் பேசுகிறவன் வீட்டு வாசலைவிட மடத்தின் வாசல் அவளுக்கு மேலாகத் தோன்றினால், புரட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டியவர்கள் நாமல்லவா? கலியாணம் வேண்டாம், ஜனங்களுக்கு உழைத்துக்கொண்டு நாலு பெண்களோடு மரியாதையாக இருந்துவிடுகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், நாம் அவளுக்குக் காட்டும் இடம் எது? வல்லத்தில் 1988ல் பெண்களுக்கென்றே பொறியியல் கல்லூரி வைத்தோம். திருச்சியில் அநாதைக் குழந்தைகளுக்கு நாகம்மையார் இல்லம் வைத்தோம். நல்லதே. ஆனாலும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண் போய்க் கதவைத் தட்டினால் திறக்கிற வீடு நம்மிடம் இல்லை. அவர்களிடம் இருக்கிறது.

ஆகையால் தோழர் அவளைத் தடுக்க வேண்டாம். அவள் மேஜர்; தாய்மாமன் என்ற பழைய அதிகாரத்தை இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் தூசிதட்டி எடுப்பது சுயமரியாதைக்காரருக்கு அழகல்ல. சில காரியங்கள் மட்டும் செய்யட்டும். சேர்ந்தவுடன் யாரும் ஆயுளுக்குக் கட்டுப்பட்டுவிடுவதில்லை. ஒரு வருஷத்துக்குக் குறையாத நவசந்நியாசமும், பிறகு மூன்று வருஷத்துக்குக் குறையாத தற்காலிக வார்த்தைப்பாடும் கழிந்த பின்புதான் நித்திய வார்த்தைப்பாடு என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் காலம் முழுதும் திரும்பிவர அவளுக்கு வழி உண்டு என்பதை அவள் வாயாலேயே சொல்லச் செய்து தெரிந்துகொள்ளட்டும். தாராசுரத்து வீட்டில் தங்கைக்குச் சேரவேண்டிய பாகத்தை இன்னும் பிரித்துக் கொடுக்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அதை இப்போதே தங்கை பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், என்றைக்காவது அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் யாருடைய கருணையையும் கேட்க வேண்டியிராது. நர்சு சர்டிபிகேட்டுகளின் அசலை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

இந்த வியாசத்தை அவளிடம் கொடுப்பதாகத் தோழர் எழுதியிருக்கிறார், அப்படியே கொடுக்கட்டும். அவள் இதற்குப் பதில் எழுதினால், நம்மை எவ்வளவு கடுமையாகக் கண்டித்திருந்தாலும், ஒரு எழுத்தும் மாற்றாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.